தேனி பஸ் ஸ்டாண்டில் ஒரு பரிமாற்றம்

என் மதினி மேல் எனக்கு இருபத்திரண்டு வருடமாகப் பொறாமை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு இதை எழுதத் தொடங்கினால் மூன்றாவது வரியிலேயே பொய் வந்துவிடும்.

அவள் என் அண்ணனின் மனைவி. என் கணவரின் தங்கையும் அவள்தான். எங்கள் இரண்டு வீட்டிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். நான் வடுகபட்டியிலிருந்து சின்னமனூருக்கு வந்தேன், அவள் சின்னமனூரிலிருந்து வடுகபட்டிக்குப் போனாள். ஒரே நாள், ஒரே மண்டபம், ஒரே பந்தி. அவள் கழுத்தில் தாலி ஏறி அரை மணி நேரத்தில் என் கழுத்தில் ஏறியது. அன்றைக்குக் காலையில் என்னை அழைத்து வந்த வேனில் நான் ஜன்னல் ஓரம், அம்மா எனக்குப் பக்கத்தில். சாயங்காலம் அதே வேன் வடுகபட்டிக்குத் திரும்பியபோது அதே ஜன்னல் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் அம்மா. அவள் தலையில் வாடிப்போயிருந்த பூவை அம்மா சரிசெய்துகொண்டிருந்ததை மண்டப வாசலில் நின்று பார்த்தேன். என் வயிற்றெரிச்சல் தொடங்கியது அங்கேதான்.

நான் அவளை மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள். இரண்டு பேருமே அண்ணன் பெண்டாட்டி என்பதால் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான் முறை. அதைத் தவிர எங்களுக்குள் எதுவும் சமமாகப் பங்கு வைக்கப்படவில்லை என்பது என் கட்சி. எனக்கு மாமியார் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். அவளுக்கோ என் அம்மா மாமியாராகக் கிடைத்தாள். நான் பிறந்த வீட்டில், நான் தண்ணீர் இறைத்த கிணற்றடியில், என் அம்மாவின் கைச்சமையலை அவள் தினமும் சாப்பிட்டாள். தீபாவளிக்கு மட்டும் நான் விருந்தாளியாகப் போய் வந்தேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து நடக்கும் ஒரு செய்திச் செயலிக்கு வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பின்னால் வாழைத்தோப்பு, அதற்குப் பின்னால் மேகமலை. என் ஊரை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்கள் ஒருவரையொருவர் கொல்வதை நான் எழுதிக்கொண்டிருப்பேன். எந்தப் போர் என்று இங்கே சொல்லப்போவதில்லை. நான் அந்த மேசையில் உட்கார்ந்த வருடங்களில் போருக்கும் பஞ்சமில்லை, பிடித்து வைத்த ஆட்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்வதற்கும் பஞ்சமில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு சொல் பட்டியல் அனுப்பியிருந்தார்கள். ஆயுதம் ஏந்திச் சண்டையில் பிடிபட்டவர் போர்க்கைதி. பேரம் பேசுவதற்காகப் பிடித்து வைக்கப்பட்டவர் பணயக்கைதி. விசாரணையே இல்லாமல் அடைத்து வைக்கப்பட்டவரை வெறுமனே ‘கைதி’ என்று எழுதினால் குற்றம் செய்தவர் என்று படிப்பவர் நினைப்பார், ஆகவே ‘விசாரணையின்றிக் காவலில் இருந்தவர்’ என்று நீட்டித்தான் எழுத வேண்டும். ‘அப்பாவி’, ‘கொடூர’ போன்றவற்றை யாராவது சொன்னால் சொன்னவர் பெயரோடு போடலாம், நாமாகப் போடக்கூடாது. ஒரு தரப்புக்குப் பெயரும் வயதும் கொடுத்தால் மறு தரப்புக்கும் கொடுக்க வேண்டும், கிடைக்கவில்லையென்றால் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, அப்படிப்பட்ட ஒரு பரிமாற்றத்தில் விடுவிக்கப்படுகிறவர்களின் முதல் பட்டியல் வந்துகொண்டிருந்த நேரம், மதினி ஒரு துணிப்பையோடும் ஒரு பை மலைப்பூண்டோடும் வாசலில் வந்து நின்றாள். அண்ணனுக்கு வடுகபட்டியில் பூண்டு வியாபாரம். ஆகவே பூண்டு வந்ததில் அதிசயமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் அவள் தனியாக வந்ததுதான் அதிசயம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தார்கள், விசேஷமும் ஒன்றுமில்லை.

“என்ன மதினி, திடீர்னு?” என்றேன்.

“சும்மாதேன் மதினி. ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு.”

சும்மா வந்தவளின் முகமாக அது இல்லை. அவள் அடுப்படிக்குப் போனதும் அண்ணனுக்குப் போன் போட்டேன். “அவகிட்டயே கேளு. நான் ஒண்ணும் போகச் சொல்லல” என்று வைத்துவிட்டான்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. அம்மாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு இவள் கிளம்பி வந்திருக்கிறாள். இருபத்திரண்டு வருடமாக என் அம்மாவை வைத்துக்கொண்டிருந்தவள், அம்மாவுக்கு ஆள் வேண்டிய நேரத்தில் விட்டுவிட்டு வந்தாள் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. ஒருவழியாக அவள் மேல் ஒரு குற்றம் கிடைத்துவிட்டது.

இரண்டு செய்திகளுக்கு நடுவில் கிடைத்த ஐந்து நிமிடத்தில் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் இப்படிப் போட்டேன்: “வடுகபட்டி மதினி கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டு வந்துட்டாக. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான் ஆகுது.”

இரண்டு வாக்கியமும் தனித்தனியாகப் பார்த்தால் பொய்யில்லை. ஒன்றன் பக்கத்தில் இன்னொன்றை வைத்ததுதான் என் வேலை.

மதினி சும்மா இருக்கிற பெண் இல்லை. வந்த அன்றைக்கே நான் உட்கார்ந்திருந்த மேசையின் மறுமுனையில் முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரிக்க ஆரம்பித்தாள். அது அவளுடைய அண்ணன் வீடு, அவள் பிறந்த வீடு, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனாலும் என் மேசையில் உட்கார்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. போதாததற்குத் தினமும் குறிப்பிட்ட நேரங்களில் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவாள். காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் நாலு, ராத்திரி எட்டு. குரலைத் தாழ்த்திப் பேசுவாள், ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவாள். யாரிடமோ என்னைப் பற்றிக் குறை சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை நான் எழுதிக்கொண்டிருந்த செய்தி இதுதான். ஒரு தரப்பிலிருந்து சில பணயக்கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள்; பதிலுக்கு மறு தரப்பு தன் சிறைகளிலிருந்து பல பேரை விட்டது. முதல் தரப்பைப் பற்றி எனக்கு வந்த ஆங்கிலச் செய்தியில் நிறைய இருந்தது. ஒருவர் வாத்தியார், ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு கிழவர் தன் நாயைத்தான் முதலில் கேட்டாராம். அதையெல்லாம் உருகி உருகி எழுதினேன். மறு தரப்பைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது, நானும் ஒரு வரியில் முடித்தேன். சொல் பட்டியலில் சொன்னபடி பணயக்கைதி, காவலில் இருந்தவர் எல்லாம் சரியாகப் போட்டிருந்தேன். அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். படித்தேன்.

மதினி உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டபடி, “மதினி, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்க மாட்டீகளே?” என்றாள்.

“கேளுங்க.”

“இவுகளுக்கு ‘வீடு திரும்பினர்’னு எழுதிருக்கீக. அவுகளுக்கு ‘ஒப்படைக்கப்பட்டனர்’னு எழுதிருக்கீக. அவுகளுக்கு வீடு இல்லையா?”

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், என் எழுத்தில் கைவைக்கிறாள். நான் எம்.ஏ. அதுவும் தமிழ். “இது அப்படியில்ல மதினி, இதுக்கெல்லாம் விதி இருக்கு” என்று சொல்லிவிட்டு, மாற்றாமல் அனுப்பினேன். அவள் சொன்னது சரி என்று அனுப்பும்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்ததனால்தான் வேகமாக அனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் சென்னையிலிருந்து போன். எங்கள் செய்தி ஆசிரியர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண், ஆனால் கண் கழுகுக் கண். “மேடம், ஒரு பக்கம் திரும்பறாங்க, இன்னொரு பக்கம் ஒப்படைக்கறாங்க. ஒப்படைக்கறதுக்கு அவங்க என்ன பார்சலா? ரெண்டு பக்கமும் ஒரே வினைச்சொல் போடுங்க. அந்தப் பக்கமும் யாராவது வாசல்ல காத்துட்டிருந்திருப்பாங்கல்ல, தேடிப் பாருங்க” என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மதினி கேட்டாள். ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். அந்தப் பெருந்தன்மைதான் என்னை எரித்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று பேசிப் பேசியே வளர்ந்தவள் நான். ஒரே காரியத்துக்கு இரண்டு பெயர் வைப்பதை நான் பார்க்கத் தவறினேன், அவள் பார்த்துவிட்டாள். தேடினேன். மறு தரப்பிலும் வாசலில் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஒரு தாய் மகனுக்காகச் சமைத்து வைத்துவிட்டு, இரண்டு நாள் சூடு பண்ணிப் பண்ணிக் காத்திருந்தாள். அதைச் சேர்த்து, ‘விடுவிக்கப்பட்டனர்’, ‘வீடு திரும்பினர்’ என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுதி அனுப்பினேன். நன்றாக வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

அதற்குள் என் குடும்பச் செய்தி வேலை செய்யத் தொடங்கியிருந்தது. ‘வீட்டை விட்டு வந்துட்டாக’ என்பதைப் படித்த சித்தி ஒருத்தி, “அய்யய்யோ, மாமியாரை அம்போன்னு விட்டுட்டாளா?” என்று கேட்க, இன்னொருத்தி அழுகிற பொம்மை போட, மதுரையில் இருக்கிற உறவுகூட அண்ணனுக்குப் போன் போட்டுத் துக்கம் விசாரித்துவிட்டது. அண்ணன் வீம்புக்காரன். மானம் போய்விட்டது என்று குதித்தான். அடுத்த நாள் என் கணவருக்குப் போன் போட்டு, “என் பொண்டாட்டி அங்கன இருக்கிற வரைக்கும் என் தங்கச்சி இங்கன இருக்கட்டும்” என்றான்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகளில் இது புதிதில்லை. ஒரு பெண் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டால், மற்றவளும் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்களும் இருக்க, மற்ற வீட்டில் ஒருத்தியும் இல்லாமல் இருந்தால் அந்த வீட்டுக்குக் குறைச்சல். யாரும் இதை எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குள் இத்தனை வருடமாக அப்படி நடந்ததில்லை என்பதால் நான் அதை மறந்திருந்தேன். குழுவில் அந்த இரண்டு வரியைப் போடும்போது, நானும் மாற்றப்படவேண்டியவள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் யார் யாரை யாருக்குப் பதிலாக அனுப்புகிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்குத் தோன்றவில்லை.

எங்கள் இரண்டு கல்யாணத்தையும் பேசி முடித்த பெரிய மாமா, அதாவது என் கணவரின் பெரியப்பா, வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, “ரெண்டு நாள் அங்கன போய் இரும்மா. கொடுத்து எடுத்த வீடு, ஒரு பக்கம் மட்டும் எறங்கிப் போக முடியாது. பேசி முடிச்சுருவோம்” என்றார். என் கணவர் எழுந்தார். பரணிலிருந்து என் பெட்டியை இறக்கித் துடைத்துக் கொடுத்தார். அந்தத் துடைப்பு எனக்கு வலித்தது. இருக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் அவருடைய தங்கையின் பக்கம் கனம் குறைந்திருக்கும். அவர் எடை போட்டுப் பார்த்திருக்கிறார் என்பது புரிந்தது. பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டு போனால் என் கதி என்ன என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பெரிய மாமாவின் தலைமுறையில் இப்படிப் போன இரண்டு பெண்கள் கடைசிவரை திரும்பவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் உண்மையைச் சொன்னால், தேனியில் இறங்கி, வடுகபட்டி போவதற்குப் பெரியகுளம் பஸ்ஸில் ஏறியபோது என் அழுகை நின்றுவிட்டது. அம்மாவிடம் போகிறேன். விருந்தாளியாக இல்லை, தங்குவதற்கு. அவள் இல்லாத வீட்டில், நான் மட்டும். இருபத்திரண்டு வருடம் கழித்து அந்த வேனின் ஜன்னல் ஓர இருக்கை எனக்குத் திரும்பக் கிடைத்ததுபோல் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் முன்னறையைப் பார்த்தேன். அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில், இரண்டு ஜன்னலுக்கும் நடுவில், தரையிலிருந்து இடுப்பளவுக்குப் பூண்டு. அம்மா பின்னறையில் இருந்தாள். அடுப்படியை ஒட்டிய அறை அது. ஜன்னல் கிடையாது, தாளிக்கும் நெடி முழுக்க அங்கேதான் போய் அடங்கும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“அவ சாப்பிட்டாளா?” என்றாள் என்னைப் பார்த்ததும்.

நான் வந்ததைப் பற்றிக் கேள்வி இல்லை. நான் எப்படி வந்தேன் என்ற கேள்வி இல்லை. அவ சாப்பிட்டாளா.

“உன் மருமக நல்லாத்தேன் சாப்பிடுறாக” என்றேன் எரிச்சலோடு.

அப்புறம்தான் விஷயம் வந்தது. இந்த வருடம் மலைப்பூண்டு நிறைய வந்து இறங்கியிருக்கிறது. ஈரம் காய வேண்டும், காற்று வேண்டும் என்று அண்ணன் முன்னறையைக் கேட்டிருக்கிறான். அம்மாவைப் பின்னறைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறான். ஒரு மாதம்தான் என்றானாம். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன் ஆன கண், புகையிலும் தூசியிலும் வைக்க முடியாது என்றிருக்கிறாள். கட்டிலின் ஒரு முனையை அண்ணன் தூக்க, மறுமுனையில் இவள் உட்கார்ந்துவிட்டாளாம். “இது என் வீடு, இஷ்டமில்லைன்னா உங்கண்ணன் வீட்டுக்குப் போ” என்று அவன் கத்தியிருக்கிறான்.

“அவ போக மாட்டேன்னுதான் நின்னா. நாந்தேன் சொன்னேன், ரெண்டு நாள் போய் இரு ஆத்தா, அவனுக்குப் புத்தி வரட்டும்னு” என்றாள் அம்மா.

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். போகச் சொல்லவில்லை என்று அண்ணன் சொன்னது பொய். விட்டுவிட்டு வந்தாள் என்று நான் எழுதியது பொய். அவளை அனுப்பியது என் அம்மா. என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அண்ணன் பெயர் என்னிடமே கெட வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அந்த நேரத்தில்கூட எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. என் அம்மாவுக்காகக் கட்டிலில் உட்கார்ந்து சண்டை போட்டவள் நானாக இருந்திருக்கக்கூடாதா என்ற பொறாமைதான் முதலில் வந்தது. வெட்கம் பின்னால் வந்தது, சாவகாசமாக.

நாலு மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. மணியோசை கேட்டவுடன் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“அத்தே, கைய சோப்புப் போட்டுக் கழுவியாச்சா? பக்கத்து வீட்டு அக்கா வந்துட்டாகளா?” என்று மதினியின் குரல் கேட்டது. இதுதான் கொல்லைப் பக்கத்து ரகசியம். எட்டு, பன்னிரண்டு, நாலு, எட்டு. சொட்டு மருந்து போடும் நேரம்.

“அவுக வரல. இவ வந்திருக்கா” என்றாள் அம்மா.

 “மதினி, வெள்ளை மூடி மொதல்ல. ஒரே ஒரு சொட்டு. அஞ்சு நிமிஷம் கழிச்சு ரோஸ் மூடி. கண்ண அமுக்கக் கூடாது, அத்தை தலைய ஆட்டுவாக, நெத்தியில கை வச்சுக்கோங்க” என்றாள்.

வைத்துக்கொண்டேன். என் அம்மாவின் நெற்றியில் என் கை, கட்டளை அவளுடையது. முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. “மெதுவா மதினி, பழகிரும்” என்றாள் அவள், பார்க்காமலே. அன்று சாயங்காலம் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மூன்று டப்பாக்களைத் திறந்தேன். நான் பிறந்த வீட்டில் உப்பு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் இரண்டாவது பட்டியல் வந்தது. பின்னறையில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். இந்தமுறை யார் சொல்லியும் எழுதவில்லை. யார் யாரைப் பிடித்தார், யார் எங்கே வைத்திருந்தார், யார் விடுவித்தார், யார் எங்கே போனார். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆள் இருக்கிறாரா என்று பார்த்தேன். ஆளை ஒளித்துவிட்டு ‘பிடிக்கப்பட்டார்’, ‘அனுப்பப்பட்டார்’ என்று எழுதுவது எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சென்னையிலிருந்து ஒரு திருத்தமும் வரவில்லை.

அந்தச் சூட்டோடு குடும்பக் குழுவைத் திறந்தேன். என் பழைய செய்தியை அழிக்க முடியாத அளவுக்கு நேரம் கடந்திருந்தது. அதற்குக் கீழே எழுதினேன்:

“நான் திங்கட்கிழமை போட்டது தவறு. அம்மாவின் கட்டிலை முன்னறையிலிருந்து பின்னறைக்கு மாற்ற அண்ணன் முடிவு செய்தார். கண் ஆபரேஷன் ஆனதால் வேண்டாம் என்று மதினி சொன்னார். அண்ணன் மதினியைப் போகச் சொன்னார். அம்மா சொன்னதன் பேரில் மதினி சின்னமனூர் வந்தார்.”

‘பாவம்’ என்று ஒரு வார்த்தை போடவில்லை. ‘அநியாயம்’ என்று போடவில்லை. ‘என் அண்ணன் இப்படிச் செய்வான் என்று நினைக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதி, அழித்தேன். அது என் கருத்து. செய்தி இல்லை.

அண்ணன் கடையிலிருந்து வண்டியை முறுக்கிக்கொண்டு வந்தான். “ஏய், கூடப் பொறந்தவளா நீ? என்னயப் பத்தி ஊருக்குத் தண்டோரா போடுற?”

“நான் எழுதுனதுல எது பொய்யின்னு சொல்லுண்ணே. அதை மாத்திடுறேன்” என்றேன்.

போனை எடுத்து மறுபடி படித்தான். உதடு அசைய அசைய, வரி வரியாக. நான் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான்; திட்டு அதில் இல்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வாசலில் நின்றான். சாயங்காலம் கடையிலிருந்து ஆட்கள் வந்து பூண்டை மாடிக்கு ஏற்றினார்கள். கட்டிலை முன்னறைக்கு நானும் அவனும் தூக்கினோம்.

பேச்சு முடிந்தது. ஆனால் திரும்புவதில் சிக்கல். அவள் முதலில் வந்தால் அவள் பிறந்த வீட்டுக்கு இறக்கம், நான் முதலில் போனால் நான் பிறந்த வீட்டுக்கு இறக்கம். “அவ வரட்டும், அப்புறம் இவ வருவா” என்று அண்ணன் சொல்ல, “ரெண்டும் ஒண்ணா நடக்கட்டும்” என்று என் கணவர் சொல்ல, பெரிய மாமா வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தேனி பஸ் ஸ்டாண்டு. வடுகபட்டியும் இல்லை, சின்னமனூரும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வாரம் முழுக்க இதைத்தானே எழுதினேன், நடுவில் நிற்கிற ஆட்களையும், எந்தப் பக்கமும் சேராத ஓர் இடத்தையும்.

கிளம்பும்போது அம்மா ஒரு வயர்கூடையைக் கொடுத்தாள். எனக்குத்தான் என்று நினைத்து உள்ளே பார்த்தேன். “அதை அவகிட்ட குடு. போன வாரம் தைக்கக் குடுத்த ஜாக்கெட்டு” என்றாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டு, “நீ அடிக்கடி வாத்தா” என்றாள். அடிக்கடி வா. தங்கு என்று சொல்லவில்லை.

தேனியில் வெயில் ஏறியிருந்தது. டீக்கடையில் அண்ணன் ஒரு பெஞ்சிலும் என் கணவர் இன்னொரு பெஞ்சிலும் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பெரிய மாமா நடுவில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். நான் இந்தப் பக்கத்திலிருந்தும் மதினி அந்தப் பக்கத்திலிருந்தும் நடந்தோம். நடுவில் ஒரு குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் சந்தித்தோம்.

“எட்டு மணிக்குப் போட்டீகளா மதினி?”

“போட்டேன். வெள்ளை மூடி மொதல்ல.”

“கன்னத்துல விழலையே?”

“விழல.”

“குழுவுல நீங்க எழுதுனத எங்கண்ணன் படிச்சுக் காட்டுச்சு” என்றாள். நன்றி என்று சொல்லவில்லை. என் பெட்டியின் கைப்பிடி பிய்ந்திருந்ததைப் பார்த்து, தன் பையிலிருந்து ஒரு கயிறை எடுத்துக் கட்டிக் கொடுத்தாள். நான் வயர்கூடையைக் கொடுத்தேன். ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “அத்தை சரியான பட்டன் வைக்கச் சொல்லிருக்காக” என்று சிரித்தாள். மண்டப வாசலில் அன்று பார்த்த அதே வயிற்றெரிச்சல் எழுந்தது. கொஞ்சமும் பழசாகவில்லை.

பெரிய மாமா என்னைக் கூப்பிட்டார். “நீதான எழுதுறவ. முடிஞ்சதுன்னு குழுவுல ஒரு வரி போட்டு விட்ரும்மா. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா.”

சின்னமனூர் வழியாகப் போகும் கம்பம் பஸ்ஸில் என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தேன். ஒரு வரிதான். முதலில் எழுதியது: “மதினி வடுகபட்டிக்கு அனுப்பி வைக்கப்பட்டார். நான் வீடு திரும்பினேன்.” படித்துப் பார்த்தேன். பூண்டு உரித்தபடி அவள் கேட்டது காதில் கேட்டது. அழித்தேன். “மதினி வடுகபட்டிக்குப் போனார், நான் சின்னமனூருக்குப் போகிறேன்.” பிழை இல்லை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வீடு என்ற சொல்லை அவளுக்குக் கொடுக்காமல் இருக்கத்தான் எனக்கும் அது இல்லாமல் செய்துகொண்டேன் என்பது எனக்குத் தெரியும். அதையும் அழித்தேன்.

அந்த ஜன்னல், அந்தக் கட்டில், உப்பு டப்பா, வெள்ளை மூடி, அம்மாவின் நெற்றி. எல்லாவற்றையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். பிறகு எழுதினேன்: “மதினியும் நானும் இன்று அவரவர் வீட்டுக்குத் திரும்பினோம்.”

வீரபாண்டி தாண்டும்போது அனுப்பினேன். என் அம்மாவின் வீட்டை அவளுடைய வீடு என்று நான் எழுதியது அதுதான் முதல்முறை. ஏன் அழுகிறாய் என்று என் கணவர் கேட்டார். அண்ணன் வீட்டுப் பூண்டு நெடி இன்னும் கண்ணில் இருக்கிறது என்றேன்.